முன்னால் கிளம்பிய பை

எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகை வைக்கக் கடல் தாண்டிப் போனவள் நான் ஒருத்திதான். "வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதாம்மா?" என்று மகன் கேட்டான். கல்யாண மாப்பிள்ளையே அவன்தான், கேட்கிற கேள்வியைப் பாருங்கள். என் அம்மாவும் சித்தியும் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர்கள். குடியுரிமை ஒப்பந்தம் வந்தபோது அம்மா திருச்சிக்கு வந்துவிட்டார், சித்தி அங்கேயே தங்கிவிட்டார். இப்போது இரண்டு பேருமே இல்லை. சித்தி மகள் வசந்தாவின் கையில் தாம்பாளத்தோடு பத்திரிகை கொடுக்காமல் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தால், மேலே இருக்கிற இரண்டு பேரும் என்னைச் சும்மா விட மாட்டார்கள்.

வசந்தாவின் கணவர் லோகநாதன் என்னை அழைத்துப் போகக் கொழும்புக்கே வந்துவிட்டார். ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறவர். மெலிந்த உடம்பு, நிதானமான பேச்சு. "நைட் மெயில்ல போயிருவோம் மதினி. தூங்கி எந்திரிச்சா ஹட்டன்" என்றார்.

எனக்கு இரவு ரயிலென்றாலே ஆகாது. தட்டச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான், எதையும் சட்டென்று முடித்தே பழக்கம். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கக் குறட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டு சென்னை போன காலமெல்லாம் போய், இப்போது வந்தே பாரத்தில் போய் வருகிறவள். "எக்ஸ்பிரஸ் என்று ஒன்று பகலில் போகிறதாமே? அதில் போகலாம்" என்றேன். லோகநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, "சரிங்க மதினி" என்று சிரித்தபடி நிறுத்திக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த எக்ஸ்பிரஸின் வேகத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அது ஹட்டன் போய்ச் சேர்ந்த நேரத்தில் நான் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய், ஒரு காபி குடித்துவிட்டு, விழுப்புரம் வரைக்கும் திரும்பி வந்திருப்பேன். மலை ஏறத் தொடங்கியதும் ரயில் நடக்க ஆரம்பித்தது. ஓரிடத்தில் நின்றே விட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதவில் தொங்கியபடி படம் எடுத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் இறங்கிக் கால் நீட்டிக்கொண்டார்கள். நான் ஒருத்திதான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் இருக்கைச் சிங்களப் பெரியவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். லோகநாதன் தமிழில் சொன்னார்:

"கோச்சி மூச்சு வாங்குதாம் மதினி. நீங்க மலை ஏறுனா நடுவுல ஒக்கார மாட்டீங்களான்னு கேக்குறாரு."

ரயிலை அங்கே கோச்சி என்கிறார்கள். பெரியவர் எனக்கும் சேர்த்து இறால் வடை வாங்கினார். ஏதோவொரு பள்ளிப் பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாளில் சுற்றித் தந்தார்கள். வடை மொறுமொறுவென்று இருந்தது, பிள்ளையின் கணக்குதான் பாவம், சிவப்புக் கோடாகவே இருந்தது. அதைத் தின்று முடித்தபோது ரயிலும் கிளம்பியது, என் கோபமும் பாதி இறங்கியிருந்தது.

வசந்தாவின் தோட்டம், ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், அதைத்தான் லயம் என்கிறார்கள். முன்னறையில் கட்டில் போட இடமில்லை, தையல் மெஷின் இருந்தது. வசந்தாவுக்கு நாற்பது தாண்டியிருக்கும். சித்தியின் முகம் அப்படியே அவளுக்கு. வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு, "இவ்வளவு நாளு படத்துலயே பாத்துட்டிருந்தேங்க்கா" என்று அழுதாள். நானும் அழுதேன்.

அன்று சாயங்காலமே விளக்கேற்றித் தாம்பாளம் வைத்துப் பத்திரிகை கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "எங்களால வர முடியாதுங்க்கா. பாஸ்போட்டுக்குக் குடுக்கவே இல்ல. மாப்பிளைக்குச் சித்தின்னு நான் ஒருத்திதான், கோச்சுக்காதீங்க" என்றாள். கோபமெல்லாம் இல்லை, மனசுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அதை மறைக்க மகனை வீடியோவில் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"எந்திரிச்சு நில்லுங்க தம்பி. எவ்வளவு வளந்திருக்கீங்கன்னு பாப்போம்" என்றாள் வசந்தா. அவன் வெட்கத்தோடு எழுந்து நின்றான். "அப்பிடியே திரும்புங்க." திரும்பினான். பெண் பார்க்கப் போனபோதுகூட அவனை யாரும் இப்படித் திருப்பிப் பார்க்கவில்லை என்று நான் கேலி செய்தேன்.

மறுநாள் காலை ரொட்டியும் கட்டச்சம்பலும். மிளகாயும் மாசிக் கருவாடும் சேர்த்து இடித்த அந்தச் சம்பலில் என் நாக்கு நெடுநேரம் எரிந்தது, இருந்தும் மூன்றாவது ரொட்டிக்கும் அதையேதான் கேட்டேன். பால் காபி கிடைக்குமா என்று கேட்டதற்கு லோகநாதன், "தேயிலைத் தோட்டத்துக்கு வந்து காப்பி கேக்குறீங்களே மதினி, வெளிய சொல்லிறாதீங்க" என்றார். பால் இல்லாத தேத்தண்ணிதான் வந்தது. இரண்டாவது கோப்பைக்குள் பழகிவிட்டேன்.

வசந்தாவின் சங்கதியை அப்போதுதான் முழுதாகக் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவள். இப்போது வீட்டிலிருந்தே தைக்கிறாள். ஜனவரியில் பள்ளிச் சீருடை, தீபாவளிக்கு ரவிக்கை, மற்ற மாதங்களில் கிழிசல். ஒரு நிறுவனம் ஹட்டனில் பெண்களுக்குத் தையல் பயிற்சி நிலையம் திறக்கப் போகிறதாம், அதற்கு ஆசிரியை தேவையாம். நேர்முகத் தேர்வு சனிக்கிழமை காலை, கொழும்பில். தைத்த துணிகளை மாதிரிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"இது கெடைச்சா மாசச் சம்பளங்க்கா. அதவிட, டீச்சர்னு கூப்புடுவாங்க" என்றாள். சொல்லும்போதே முகம் சிவந்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்கும் கொழும்பில்தான் விமானம், ஆகவே சேர்ந்தே போவது என்று முடிவானது.

மாதிரிகளைக் காட்டினாள். ஒரு பள்ளிச் சீருடை, ஒரு குழந்தைக் கவுன், ஒரு ரவிக்கை. கவுனின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், வெளிப்பக்கம் மாதிரியே சுத்தமாக இருந்தது. எல்லாம் தயார் என்றுதான் சொன்னாள், ஆனால் நான் அங்கே இருந்த ராத்திரியெல்லாம் படுத்த பிறகும் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "கொஞ்சம் வேல பாக்கியிருக்கு, நீங்க தூங்குங்க்கா" என்றாள். எனக்கு அந்தக் குளிரில் இரண்டு கம்பளிக்கு வெளியே தலையை நீட்ட மனமில்லை.

வியாழக்கிழமை நுவரெலியா போய் வந்தோம். வேகம் வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேனே, அது தனியார் பஸ்ஸில் கிடைத்தது. ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் எங்களை மொத்தமாக ஒரு பக்கம் அள்ளிப் போட்டார். பாட்டுச் சத்தத்தில் நான் முருகனைக் கூப்பிட்டது யாருக்கும் கேட்டிருக்காது. ஊரில் ஏரி, குதிரை, பூந்தோட்டம் எல்லாம் அழகாகத்தான் இருந்தன. எனக்குப் பிடித்தது சந்தையில் குவித்திருந்த காரட். மண்ணோடு வாங்கிக் கழுவிக் கடித்தால் வெல்லம்தான். திருச்சியில் நாங்கள் காரட் என்று வாங்குவது என்ன என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம்தான் வழக்கு ஆரம்பமானது. கொழும்புக்கு எந்த ரயிலில் போவது?

லோகநாதன் நைட் மெயில் கட்சி. "வெள்ளிக்கெழம ராவு ஏறுனா விடியக் கொழும்பு. ஸ்டேஷன்லயே மொகம் கழுவிட்டு நேரா போயிறலாம். இப்ப சீசன், சிவனொளிபாத மலைக்குச் சாமி கும்பிட ஏற வர்ற சனம்லாம் மேல வர்ற கோச்சியிலதான் நெறையும். கீழ போறது காலியாத்தான் கெடக்கும்."

நான் பகல் ரயில் கட்சி. "விடிய விடிய உட்கார்ந்து போனால் கண் உள்ளே போய்விடும். அந்த முகத்தோடு தேர்வுக்கு உட்கார முடியுமா? பகலில் போனால் சாயங்காலம் அறை எடுத்து, குளித்து, தூங்கி, தெளிவாகப் போகலாம்." வசந்தா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில், "அக்கா சொல்றதும் சரிதானே" என்றாள். நான் வென்றுவிட்டேன்.

லோகநாதன் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். "அப்ப வீட்ட விட்டு எறங்குற நேரம் ராகுகாலமால்ல இருக்கு?" என்றார்.

மத்தியான ரயிலைப் பிடிக்கப் பதினொன்றுக்காவது தோட்டத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அதற்கும் எங்களிடம் வழி இருக்கிறது. நல்ல நேரத்தில் பயணப் பையை மட்டும் வீட்டை விட்டு வெளியேற்றி வேறொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். பிறகு ஆள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. என் அம்மாவும் செய்வார், ஆனால் ஏதாவது ஒரு பழைய துணி மூட்டையைத்தான் அனுப்புவார். லோகநாதன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவரில்லை.

"எதுக்காகப் போறோமோ அத வச்சாத்தான் பலன்" என்று, வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில், வசந்தாவின் மாதிரித் துணிப் பையைச் சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டு, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்குப் போனார். ஸ்டேஷன் போகிற வழியில் துணிக்கடை வைத்திருக்கும் நானாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். நானா என்பது கடை முதலாளியான முஸ்லிம் பெரியவரை எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடுகிற முறை. வசந்தா வருஷக்கணக்காக அவரிடம்தான் துணி வாங்குகிறாள்.

நாங்கள் நிம்மதியாகக் கிளம்பினோம். ஹட்டனில் பிள்ளையார் கோயிலில் நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். நேரம் இருக்கிறது என்று இன்னொரு சுற்றும் சுற்றினோம். பிறகு கடை வாசலுக்கு வந்தால், இரும்புக் கதவு இழுத்துப் பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையும் பூட்டியிருந்தது. அதற்கடுத்ததும் அப்படித்தான்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை என்று ராகுகாலம் பார்த்தோம், நல்ல நேரம் பார்த்தோம், பிள்ளையாரையும் பார்த்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டுவார்கள் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேர்!

லோகநாதன் பள்ளிவாசலுக்கு ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "நானா முன் வரிசையில நிக்கிறாராம். சாவி அவரு சட்டப்பையில. தொழுகையில நிக்கிறவர எப்பிடிக் கூப்புடுறது?" என்றார். கூப்பிடக் கூடாது என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

அப்போது ஸ்டேஷன் பக்கம் ஊதல் கேட்டது. என்னை மலைநடுவில் உட்காரவைத்த அதே மாதிரிக் கோச்சி, அன்றைக்குப் பார்த்து நேரத்துக்கு வந்து நின்றது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பையை விடு வசந்தா! லோகநாதன் பின்னால் யாரிடமாவது கொடுத்து அனுப்பட்டும். வேலை உன் கையில்தானே இருக்கிறது, பையிலா இருக்கிறது? நட!" என்று கத்திவிட்டேன். சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வசந்தா அசையவில்லை. "நீங்க போங்க்கா. அந்தப் பையி இல்லாம நான் வரல."

"தேர்வு?"

"நைட் மெயில் இருக்குல்ல. அது லேட்டானா என் தலையெழுத்து." கடைக் கதவை விட்டு நகரவில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்ததும் எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. என் பெட்டியைக் கடைப் படியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கோச்சி எங்களை விட்டுவிட்டுப் போனது.

தொழுகை முடிந்து தொப்பியோடு வந்த நானாவுக்கு எங்களைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "பேக் உள்ளுக்குத்தானே ஈக்கி! நல்ல நேரத்துக்கு வச்சிட்டுப் போறேன்னு மட்டும் சொன்ன லோகு. எப்ப எடுப்பன்னு சொல்லல்லயே. சொல்லீந்தா சாவியச் சரி தந்துட்டுப் போயீப்பேனே" என்று லோகநாதனைக் கடிந்துகொண்டார். பையைக் கொடுத்துவிட்டும் எங்களை விடவில்லை. கடைக்கு மேலேயே வீடு. அவர் மனைவி ஒரு பெரிய தட்டில் நெய்ச்சோறும் கோழிக் கறியும் அன்னாசி அச்சாறும் கொண்டுவந்து வைத்தார். கோபமாக இருக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டாவது தடவை சோறு போட்டபோது கோபத்தைக் காணவில்லை. வசந்தா மட்டும் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

அன்று ராத்திரி ஹட்டன் ஸ்டேஷன் திருவிழா போல இருந்தது. மேலே வந்த ரயில்களிலிருந்து வெள்ளை உடுப்பும் கம்பளித் தொப்பியுமாகக் குடும்பம் குடும்பமாக இறங்கி, மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிற பஸ்களைத் தேடி ஓடினார்கள். எங்கள் நைட் மெயில், மலை உச்சி ஸ்டேஷனான பட்டிப்பொலவின் குளிரையெல்லாம் சுமந்துகொண்டு தாமதமாகத்தான் வந்தது. லோகநாதன் சொன்னது சரி, இடம் தாராளமாக இருந்தது. அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வசந்தாவின் தலையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார்.

எதிரே ஒரு சிங்களத் தம்பதி. பெரிய வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸ் மூட்டை ஒன்று அவர்கள் காலடியில் இருந்தது. அந்த அம்மா கணவரிடம் கிசுகிசுத்ததைக் கேட்டு வசந்தா சிரித்துவிட்டு எனக்குச் சொன்னாள்: "நான் பையி புடிச்சிருக்கிறதப் பாத்துட்டு, உள்ள கைப்பிள்ளையா இருக்கும், மூச்சு விட எடம் விடச் சொல்லுன்னு சொல்றாங்க்கா." நானும் சிரித்தேன். நாள் முழுக்க அப்போதுதான் சிரித்தோம். பிறகு எப்போது தூங்கினேன் என்று தெரியாது. இரவு ரயில் ஆகாது என்று சொல்லும் நான் கொழும்பில் வசந்தா உலுக்கித்தான் எழுந்தேன். குறட்டை விட்டதும் நான்தானாம்.

தாமதத்தால் முகம் கழுவத்தான் நேரம் இருந்தது. ஸ்டேஷன் குழாயடியில் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். ஆட்டோவில் போய் இறங்கியபோது வாசலில் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவள் பையோடு உள்ளே போனாள். நான் வெளியே மரத்தடியில், கறி பணிஸ் என்கிற கறி அடைத்த பன் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தின்னத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். இவளுக்குக் கிடைக்கவில்லையென்றால் பகல் ரயிலென்று பிடிவாதம் பிடித்த நான்தானே காரணம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

உச்சி வெயிலில் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "அடுத்த மாசம் ஹட்டன்லயே சேரச் சொல்லிட்டாங்க்கா!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வெறும் துணியையும் மெஷினையும் கொடுத்து, ஊசி பிடிக்கத் தெரியாத ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதற்குக் காலர் வைக்கச் சொல்லித் தரச் சொன்னார்களாம். அந்தப் பிள்ளை காலர் வைத்தேவிட்டதாம்.

"பையில் இருந்ததைப் பார்த்தார்களா?" என்று கேட்டேன்.

"தொறக்கவே இல்லக்கா."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. "நான் என்ன சொன்னேன்? வேலை கையில்தான் இருக்கிறது, பையில் இல்லை என்றேனா இல்லையா? இதற்காகவா நாள் முழுக்க அந்தப் படியில் உட்காரவைத்தாய்?" என்று வெற்றிக் களிப்பில் அவள் காதைத் திருகினேன். வசந்தா சிரித்தபடியே பையை என் மடியில் வைத்தாள்.

"நீங்க நாளைக்குப் பிளேன் ஏறிருவீங்க. அப்பறம் இத எந்தக் கோச்சியில அனுப்புறது? தொறங்க."

சீருடை, கவுன், ரவிக்கை. அதற்கெல்லாம் கீழே, வெள்ளைத் தாளில் மடித்து, சந்தன நிறத்தில் ஓர் ஆண் சட்டை. எடுத்து விரித்தேன். தோள் அகலம், கை நீளம் எல்லாம் எனக்குத் தெரிந்த அளவு. வீடியோவில் எழுந்து நின்று, வெட்கத்தோடு திரும்பிக் காட்டிய அதே அளவு. மூன்று ராத்திரி ஓடிய மெஷினின் சத்தம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

காலரைத் திருப்பினேன். உள்பக்க ஓரத்தில், புதுத் துணிக்குச் செய்கிற மாதிரி, விரல் நுனி அளவு மஞ்சள் வைத்திருந்தாள். தேர்வுக்குக் கொண்டுபோகிற மாதிரிச் சட்டைக்கு யாரும் மஞ்சள் வைப்பதில்லை.